மூழ்கிய நகரத்தில் ஒரு நன்றியுரை

கண்ணாடிக்கடையின் முகப்பில் அவர் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. கண் சரியாகத் தெரியாதவர்கள்தான் அந்தக் கடைக்கு வருவார்கள் என்பதால் யாரும் அதைப் படித்ததில்லை. ஊரே அவரை 'நன்றி' என்றுதான் கூப்பிட்டது. "நன்றி சார், மூக்குல அழுத்துது" என்று கண்ணாடியைக் கழற்றி நீட்டுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் வாங்கி வளைத்துக் கொடுப்பார்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் தொல்நகர் ஆர்வலர் சங்கம். அதில் அவர் துணைத்தலைவர். துணைத்தலைவருக்கு உள்ள ஒரே வேலை, கூட்டத்தின் கடைசியில் எழுந்து நன்றியுரை சொல்வது. நாற்காலி மடக்கும் சத்தம் தொடங்குவதற்கும் ஜனங்கள் செருப்பைத் தேடுவதற்கும் இடையில், அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் அது முடிந்துவிட வேண்டும்.

"மாப்பிள்ளை, ரெண்டே வரி" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் அவர் காதோரம் சொல்லுவார். தலைவர் வேறு யாருமில்லை, நன்றியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு வரி மூன்றாகிவிட்டால், அன்றைக்கு வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

"எங்கண்ணன் மைக்கப் பிடிச்சா கைக்குழந்தைகூட அழாது" என்பாள் மனைவி.

"அழுதாலும் அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போகுது" என்பார் நன்றி, அவள் அடுப்படிக்குள் போன பிறகு.

சங்கம் கொண்டாடிய அந்தத் தொல்நகரம் கரையிலிருந்து படகில் போகும் தூரத்தில் கடலுக்குள் கிடந்தது. முக்கால்வாசி எப்போதும் தண்ணீருக்கு அடியில். கடல் வற்றும் வேளையில் ஒரு தெருவின் பாதியும், அதன் தலைமாட்டில் அகலமான கல்தளம் ஒன்றும் வெளியே தலைகாட்டும். பாசி படிந்து, சிப்பி ஒட்டி, நண்டுகள் சர்வ சுதந்திரமாக ஓடித் திரியும் அந்தத் தளத்துக்குச் சங்கம் வைத்த பெயர் அரசவை. அங்கே ஒரு ராஜா உட்கார்ந்திருந்தான் என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம், தலைவர் முதன்முதலாக அங்கே போய் நின்றபோது தமக்கு ராஜா மாதிரி இருந்தது என்று சொன்னதுதான். அதையே கெட்டி அட்டை போட்டு ஒரு புத்தகமாகவும் எழுதிவிட்டார். ஒரே இரவில், ஒரே அலையில், செருக்குற்ற பேரரசு ஒன்று கடலுக்குள் போன கதை. சங்கத்தில் எல்லோர் வீட்டிலும் அந்தப் புத்தகம் இருந்தது. பெரும்பாலும் ஆடுகிற மேஜைக்குக் கீழே இருந்தது.

நன்றிக்கு மட்டும் அந்த அரசவையில் மனம் ஒட்டவில்லை. பிறருக்கு மூக்கின் அளவு எடுத்து எடுத்துப் பழகிய கண் அவருக்கு. சின்ன விஷயத்தில்தான் போய் நிற்கும். எல்லோரும் தளத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசற்படியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். பல நாள் தடவிய பிறகு ஒரு நாள் அவருக்குப் பிடிபட்டது. எந்த வீட்டுக்கும் வாசற்கல் ஒன்றோடு நிற்கவில்லை. ஒரு கல், அதன்மேல் வேறு நிறத்தில் இன்னொரு கல், அதற்கும் மேல் மூன்றாவதாக ஒன்று. அடிக்கல் நடுவில் கால் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது. இரண்டாவது கல்லில் குழி குறைவு. மூன்றாவது கல் ஏறக்குறைய புதுசு.

ஒரே இரவும் இல்லை, ஒரே அலையும் இல்லை. கடல் வாசலுக்கு வந்திருக்கிறது. ஜனங்கள் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்திருக்கிறார்கள். மறுபடி வந்திருக்கிறது. மறுபடி ஒரு கல்.

அன்றைக்கு நன்றி தலைகால் புரியாமல் நேரே தலைவர் வீட்டுக்கு ஓடினார். தலைவர் முழுக்கக் கேட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் முழுக்கத் தலையாட்டினார்.

"மாப்பிள்ளை, படிக்கட்டு எல்லா வீட்லயும்தான் இருக்கும். வரலாறுன்னா ஒரு ராஜா வேணும். படிக்கட்டை வச்சுக்கிட்டு யாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுறது?"

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதமே, 'ஒரே இரவில் மூழ்கிய பேரரசின் அரசவை இதுவே' என்று கல்லில் வெட்டி, அந்தத் தளத்திலேயே பதித்துத் திறப்புவிழா நடத்துவதென்று சங்கம் தீர்மானித்தது. பாதி நாள் கடலுக்கடியில் இருக்கப்போகிற கற்பலகையை யார் படிப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். அவருக்கு அழைப்பிதழே போகவில்லை.

கல்லில் வெட்டியது வெட்டியதுதான். அதைப் பதித்தபிறகு வாசற்படியைப் பற்றி வாயைத் திறந்தால் சங்கத்துக்கு எதிராகப் பேசியதாகிவிடும். சொல்வதென்றால் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அவர் கைக்கு மைக் வருகிற ஒரே நேரம் நன்றியுரை. நன்றி யோசித்தார். நன்றியுரைக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்குக் குறுக்கே யாரும் பேசுவதில்லை. அது முடியாமல் சிறப்பு விருந்தினர் எழுந்து போவதும் இல்லை. யாருக்கும் தெரியாமல் இத்தனை காலம் ஒரு கோட்டையின் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

விழா நாளன்று கரையில் ஒரே அமர்க்களம். ஒரு பெரிய படகில் ஜனங்களும் நாற்காலிகளும். ஒரு சின்னப் படகில் ஒலிபெருக்கிப் பெட்டியும், அதற்குக் காவலாக நன்றியின் மனைவியும், சிறப்பு விருந்தினருக்கென்று கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்த நாற்காலியும். அது சிவப்பு வெல்வெட் வைத்து, கைப்பிடியில் பொன்நிறச் சிங்கம் வாய் பிளந்தபடி இருக்கும். மாப்பிள்ளை உட்காரும் நாற்காலி. இரண்டு பேர் தூக்கியும் அசையவில்லை.

சிறப்பு விருந்தினர் துறைமுக இயக்குநர். கழுத்துப்பட்டை, பளபளக்கும் ஷூ. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து நன்றியின் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

சின்னப் படகின் படகுக்காரர் தலைவரிடம் வந்து, "வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் திரும்பப் படகுல ஏறிடணும். இன்னைக்குப் பௌர்ணமி. தண்ணி வழக்கத்தைவிடக் கூடுதலா வரும்" என்றார்.

தலைவர் சிரித்தார். "துறைமுகத்துக்கே இயக்குநர் நம்மகூட இருக்காரு. தண்ணி எப்ப வரும்னு அவருக்குத் தெரியாததா?"

இயக்குநரும் சிரித்து வைத்தார். அவர் போன மாதம் வரை கணக்குப் பிரிவில் இருந்தவர். படகில் ஏறுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் படகின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்ததை நன்றி பார்த்துவிட்டார்.

தளத்தில் விழா நன்றாகத்தான் தொடங்கியது. செயலாளர் வரவேற்றார். ஒவ்வொருவரையும் 'அவர்களே' போட்டு வரவேற்று, வராதவர்களையும் வராமைக்கு வருந்தி வரவேற்று, அவர் முடிக்கும்போதே நிழல் சுருங்கிவிட்டது. பிறகு தலைவர் எழுந்தார். செயலாளர் விளித்த அத்தனை பேரையும் முதலிலிருந்து மறுபடி விளித்தார்.

"அந்த இரவு" என்று குரலைத் தாழ்த்தினார் தலைவர். "இதே இடத்தில் அரசன் அமர்ந்திருந்தான். அமைச்சர்கள் அமர்ந்திருந்தார்கள். ஆபத்து வருகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை."

அப்போதுதான் முன்வரிசைக்காரர் ஒருவர் காலைத் தூக்கி நாற்காலிக் குறுக்குக்கட்டையில் வைத்துக்கொண்டார். தளத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்தது போலத் தண்ணீர் வந்திருந்தது. நண்டுகள் ஏற்கெனவே இடத்தைக் காலி செய்திருந்தன.

துறைமுக இயக்குநரே அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், நமக்கென்ன என்று ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், இதுதான் இங்கே வழக்கம்போல என்று இயக்குநர் உட்கார்ந்திருந்தார். தலைவரோ பேசிக்கொண்டிருந்தார். பேசும்போது அவர் கீழே பார்ப்பதில்லை.

பலகை திறக்கப்பட்டது. துணியை இழுத்தபோது கடைசி வரி நனைந்திருந்தது. கைதட்டினார்கள். கைதட்டுவதற்காக எழுந்த பின்வரிசை திரும்ப உட்காரவில்லை. கைதட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து பெரிய படகுக்குப் போய்விட்டது. வாழ்த்துரை வழங்க வந்தவர்கள், நேரத்தின் அருமை கருதி என்று தொடங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக அதை மெய்யாக்கிக் காட்டி இறங்கிப் போனார்கள். தண்ணீர் முட்டியைத் தொட்டபோது, ஆள் இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மிதந்து, ஏதோ அவசரக் கூட்டத்துக்குப் போவது போல ஒன்றன்பின் ஒன்றாகத் தெருப்பக்கம் போயின. பெரிய படகு ஜனங்களை ஏற்றிக்கொண்டு கரையைப் பார்க்கப் புறப்பட்டது.

தலைவர் நன்றியின் பக்கம் குனிந்தார். "மாப்பிள்ளை, மைக் பெட்டி நனைஞ்சிடும்போல இருக்கு. நான் போய் என்னன்னு பாத்துடறேன். நீ ரெண்டே வரி சொல்லி, சாரைக் கூட்டிட்டு வந்துடு."

பெட்டி சின்னப் படகில், நன்றியின் மனைவி மடிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. அது நனைய வழியே இல்லை. தலைவர் போய் ஏறிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வெயிலில் காயவைத்தார். ஏறினாரோ இல்லையோ, படகுக்காரர் கழியை ஊன்றிப் படகைத் தள்ளி நிறுத்திவிட்டார்.

"ஏன்யா தள்ளுற?" என்றார் தலைவர்.

"அலை தூக்கிப் போட்டா தள விளிம்புல அடிச்சு அடிப்பலகை போயிடும். தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறட்டும். தளத்து மேலயே வந்து அவங்களைத் தூக்கிக்கிறேன்."

ஆக, தளத்தில் மிஞ்சியது இரண்டு பேர். சிங்க நாற்காலியில் கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்து, ஷூவை மார்போடு அணைத்தபடி துறைமுக இயக்குநர். எதிரே தொடையளவு தண்ணீரில், கையில் கம்பியில்லா மைக்குடன் நன்றி.

தளம் எங்கே முடிகிறது, ஆழம் எங்கே தொடங்குகிறது என்று இயக்குநருக்குத் தெரியவில்லை. நீச்சலும் தெரியாது. தண்ணீர் ஏறினால்தான் படகு வரும். அது வரும்வரை எங்கேயும் போக முடியாது. இப்படி ஒரு கேட்பவர் எந்தப் பேச்சாளருக்கும் வாய்த்ததில்லை.

நன்றி தொண்டையைச் செருமினார். "எல்லோருக்கும் நன்றி" என்றார். அதோடு வழக்கமான நன்றியுரை முடிந்துவிட்டது. பிறகு, "இந்தத் தெருவுல வீட்டு வாசற்படியைப் பத்தி ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார்.

படகில் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை" என்றார். பெட்டியில் நன்றியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

முதல் கல்லைச் சொன்னார். குழிந்த இடத்தைச் சொன்னார். இரண்டாவது கல்லை எங்கிருந்தோ புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், நிறமே வேறு என்றார். பல ராத்திரி படுக்கையில் மனதுக்குள் சொல்லிச் சொல்லி உருட்டி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. கடையில் ஆளை உட்காரவைத்துப் பேசுவது போலத்தான் பேசினார்.

"மூணாவது கல்லு தேயவே இல்ல சார். போட்டது போட்டபடி இருக்கு."

இயக்குநர் ஷூவைக் கைமாற்றிக்கொண்டார். அவர் எத்தனையோ நன்றியுரைகளுக்கு உட்கார்ந்து பழகியவர். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்தவர். ஆனால் இடுப்புவரை வெல்வெட் ஊறிக்கொண்டிருக்கும்போது தூக்கம் வருமா?

"தேயலன்னா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் பேசும்போது யாரும் அவரைக் கேள்வி கேட்டதில்லை.

"அதுக்கப்புறம் அதிக நாள் அங்க நடமாட்டம் இல்லன்னு அர்த்தம் சார்."

"அப்ப ஒரே ராத்திரியில போகலையா? தலைவர் இப்பதானே சொன்னாரு. பலகையிலகூட..."

"பலகை தண்ணிக்குள்ள போயிடுச்சு சார்."

இருவரும் பலகை இருந்த இடத்தைப் பார்த்தார்கள். ஒரு சின்ன மீன் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப அவங்க தண்ணி வர்றதைப் பாத்துக்கிட்டே உட்காந்திருந்தாங்களா? எழுந்து போறதுக்கு என்னவாம்?" என்றார் இயக்குநர். கேட்டுவிட்டுத் தம் மடியைப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் சிங்கத்தின் வாய்க்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரன் போகலையே சார். இவன் எப்படி முதல்ல போவான்?" என்றார் நன்றி. "கடைக்கோடியில ஒரே ஒரு வீட்ல மட்டும் நாலாவதா ஒரு கல்லு இருக்கு. தெருவே காலியான பிறகும் ஒரு ஆளு கல்லைத் தூக்கி வச்சிருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

"ஏதாவது சங்கத்துத் தலைவரா இருக்கும்" என்றார் இயக்குநர்.

சொன்னது மைக்கில் விழுந்து, பெட்டி வழியாகப் படகுக்குப் போய், கடல் முழுக்கக் கேட்டது. படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழியை ஊன்றினார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

படகு தளத்தின் மேல் மிதந்து வந்து சேர்ந்தபோது நன்றி மார்பளவுத் தண்ணீரில், மைக்கை மட்டும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, இரண்டாவது கல்லின் நிறத்துக்குத் திரும்பப் போயிருந்தார். படகுக்காரர் இயக்குநரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே போட்டார். நன்றியைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். சிங்க நாற்காலியை இழுக்க யாருக்கும் தெம்பு இல்லை. நகரத்துக்கு உண்மையாகவே ஒரு சிம்மாசனம் கிடைத்தது.

படகில் நனைந்தவர்கள் துணியைப் பிழிந்தார்கள். நன்றிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஈரக்கையாலேயே இயக்குநரின் கண்ணாடியைக் கழற்றி, காதுக்கம்பியை வளைத்து, திரும்ப மாட்டிவிட்டார்.

நேராகிவிட்ட கண்ணாடி வழியாக இயக்குநர் தலைவரைப் பார்த்தார். "இந்த வாசற்படி சமாச்சாரம் நல்லா இருக்கே. உங்க புத்தகத்துல இது எந்த அத்தியாயம்?"

தலைவர் கண்ணிமைக்கவில்லை. காய்ந்த செருப்பைப் புரட்டிப் போட்டபடி, "அடுத்த பதிப்புல சேர்க்கிறோம் சார்" என்றார். "ரொம்ப நாளாவே நான் அதுல வேலை பாத்துக்கிட்டிருக்கேன். இப்ப துணைத்தலைவர் மூலமா ஒரு சின்ன முன்னோட்டம் குடுத்தோம்."

இத்தனை நேரம் சொன்னதெல்லாம் ஒரே வரியில் அந்தப் பக்கம் போய்விட்டது. நன்றி தலை குனிந்து வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"அண்ணா" என்றாள் அவர் மனைவி.

அவள் பெட்டியைப் பக்கத்தில் வைத்தபடி அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தவள். தலைவர் திரும்பினார்.

"நீ செருப்பு காயவச்சிக்கிட்டிருந்தப்ப சொன்னது இவரு. கண்டுபிடிச்சதும் இவரு. இவரு பாசியை வீட்டுக்குள்ள மிதிச்சிக்கிட்டு வந்தா, அதைத் தொடைச்சது நானு. நடுவுல நீ எங்கிருந்து வந்த?"

தலைவர் கடலைப் பார்த்தார். கடலில் பார்க்க நிறைய இருந்தது.

"இதை ஏங்க வீட்ல ஒரு நாள்கூடச் சொல்லல?" என்று அவள் நன்றியிடம் கேட்டாள்.

"சொன்னேன். நீ அடுப்படிக்குப் போயிட்ட."

"அந்த நாலாவது கல்லு வீட்ல சன்னல் இருக்கா?"

இப்போது அவளும் கேள்வி கேட்டுவிட்டாள். நன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. யாருக்கும் அதை வாங்கி வைக்கத் தோன்றவில்லை. இயக்குநர் மெல்ல நகர்ந்து படகின் மறுகோடிக்குப் போனார். அது சின்னப் படகு. மறுகோடி ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

கரை இன்னும் தூரத்தில் தெரிந்தது. நன்றி தொண்டையைச் செருமிக்கொண்டார்.